சிரிக்காத கல்லா

மீன் தலைக் கறிக்கு ஐந்து நட்சத்திரம், கழிப்பறைக்கு மூன்று, என் அத்தாவுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்திருந்தார் கோலாலம்பூரிலிருந்து மின்மினிப் பூச்சி பார்க்க வந்த யாரோ ஒருவர். கீழே ஆங்கிலத்தில் காரணமும் எழுதியிருந்தார். கேஷியர் அங்கிள் ஃப்ரெண்ட்லி இல்லை, சிரிக்கவே மாட்டார்.

மதியக் கூட்டம் முடிந்து கடை ஓய்ந்திருந்த வேளையில், அத்தாவின் காதுபடவே தம்பி அதைக் கைப்பேசியிலிருந்து வாசித்தான். அத்தா கல்லாவில் இருந்த பல்குச்சி டப்பாவைச் சற்றே நகர்த்தி வைத்தார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு மறுமொழியும் வராது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தம்பியைத் தவிர.

கோலா சிலாங்கூர் டவுனில், எஸ்டேட்டுகளுக்குத் திரும்பும் சாலையில் எங்கள் கடை இருக்கிறது. வார நாட்களில் எஸ்டேட் ஆட்கள், செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிக்காரர்கள், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள் வருவார்கள். வாரக் கடைசியில் மின்மினி பார்க்கும் கூட்டம். யார் வந்தாலும் அத்தாவுக்கு ஒன்றுதான். தலையை ஒரு பக்கமாக அசைப்பார். வாங்க, போங்க, சந்தோஷம் எல்லாம் அந்த ஓர் அசைவில் அடக்கம். புதிதாக வேலைக்குச் சேர்கிற ஆளிடம் மட்டும் ஒரு வாக்கியம் பேசுவார். "மேசையில பாத்தது மேசையோட." அதாவது, யார் யாரோடு வந்தார், என்ன தின்றார், எதற்கு அழுதார் என்பதெல்லாம் கடைக்கு வெளியே போகக் கூடாது. சம்பளம், சாப்பாடு, லீவு எதையும் அவர் சொல்ல மாட்டார். அதை அம்மா சொல்லுவார்.

தம்பி கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல் ஒன்றில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தான். அங்கே அவன் சமையல் கற்கவில்லை. அடைமொழிகள் கற்றுக்கொண்டான். மனிதர்களை அவன் இரண்டு கூடையாகப் பிரித்து வைத்திருந்தான். ஒரு கூடையில் ஃப்ரெண்ட்லி, அவுட்கோயிங், பப்ளி, ஸ்போர்ட்டிங். இன்னொரு கூடையில் ரூட், கோல்ட், இன்ட்ரோவர்ட். முதல் கூடைக்காரர்களால்தான் வியாபாரம் நடக்கிறதாம். இருபத்தைந்து வருஷமாக எங்கள் கடை எப்படி நடந்தது என்று கேட்டால், அது அந்தக் காலம் என்றான்.

அந்த அடைமொழிகளை அவன் வெளியூரிலிருந்து கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டான். எங்கள் ஊரில் இந்தச் சொற்கள் எப்போதோ வந்து குடியேறிவிட்டன. மனிதனின் குணத்தைப் பார்த்து யாரும் அவற்றைக் கொடுப்பதில்லை, அவன் வந்திறங்கும் வண்டியைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். டாக்டர் வாய் திறக்காவிட்டால் ரிசர்வ்ட். எஸ்டேட்டிலிருந்து பழைய மோட்டார் சைக்கிளில் வருகிறவர் வாய் திறக்காவிட்டால் சோம்போங், மலாய்க்காரர்கள் தலைக்கனம் பிடித்தவனைச் சொல்கிற சொல். பேங்க் மேனேஜர் வலியப் போய் எல்லோரிடமும் பேசினால் அவுட்கோயிங். அதையே மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் செய்தால் கெப்போ, ஊர் வம்புக்கு அலைகிறவள். பையன் ஃப்ரெண்ட்லி என்றால் பாராட்டு. பெண் ஃப்ரெண்ட்லி என்றால் அது புகார்.

எனக்கே இதில் அனுபவம் உண்டு. எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயத்தில் தரகர் என்னைப் பற்றி "பொண்ணு ரொம்ப ரிசர்வ்ட்" என்று சொல்லி வைத்திருந்தார். நான் பேச ஆரம்பித்தால் எங்கள் தெருவில் காக்கை உட்காராது. மாப்பிள்ளைக்கு அவர் கொடுத்த சொற்கள் அவுட்கோயிங், ஸ்போர்ட்டிங். கிள்ளானில் சொந்தமாக லோரிகள் வைத்திருந்தார், சிரித்த முகம், எல்லோரையும் தோளில் தட்டிப் பேசுவார். எங்கள் பக்கத்து மாமன்மார்கள் சொக்கிப் போனார்கள். நிக்காஹ் முடிந்து கொஞ்ச காலத்திலேயே, சுங்கை சோவில் எனக்கு முன்பிருந்தே அவருக்கு ஒரு வீடும் அதில் ஒரு பெண்ணும் பிள்ளையும் இருந்தது தெரியவந்தது. பேசிப் பார்த்தோம், பெரியவர்களை வைத்தும் பேசினோம். பிறகு நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தா வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து கடையின் அடுப்படி என் பொறுப்பு. மசாலா அரைப்பதில் ஒரு வசதி, மனசுக்குள் யாரை வேண்டுமானாலும் சேர்த்து அரைக்கலாம்.

இந்த அனுபவத்தால் சிரித்த முகங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சிரிக்காத அத்தாதான் எனக்கு ஆண்பிள்ளைக்கு அளவுகோல். ஆகவே அந்த ஒற்றை நட்சத்திரத்துக்குப் பதில் எழுதும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் கேஷியர் மரியாதை தெரியாதவர் அல்ல, அவர் ரிசர்வ்ட், அது பெரிய மனிதர்களின் குணம் என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் போட்டேன். டாக்டருக்குக் கிடைக்கிற சொல்லை என் அத்தாவுக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று அன்றைக்கெல்லாம் எனக்கு நடையே மாறிப்போயிற்று.

தம்பி விடவில்லை. கல்லாவில், பணம் வைக்கிற பெட்டியின் உட்பக்கம், அத்தா கண்ணில் படுகிறமாதிரி ஒரு மஞ்சள் சிரிப்பு முகத்தை ஒட்டினான். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றான். மகன் ஆசையாகச் சொல்கிறானே என்று அத்தாவும் சிரித்தார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். மேல் பற்கள் மட்டும் தெரிந்தன, கண்கள் அதில் கலந்துகொள்ளவில்லை.

முதலில் அகப்பட்டவர் ஒரு லோரிக்காரர். மிச்சக் காசை வாங்கியவர் நகராமல் நின்று, "என்னா பாய், வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்றார் மெதுவாக. அடுத்து வந்த, எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி, தன் சட்டைப் பித்தான்களைக் குனிந்து சரிபார்த்தார். மலாய் டீச்சர் ஒருவர் எங்கள் வேலையாளைத் தனியே கூப்பிட்டு, வாய் ஒரு பக்கம் இழுக்கிறதே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகக் கூடாதா என்று கேட்டாராம். சாயங்காலத்துக்குள் அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு எஸ்டேட்டுகளில் செய்தி பரவிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து பழம் வேறு வந்தது.

அதன் பிறகுதான் தம்பி எங்கள் சின்னம்மா மகனைச் சபாக்கிலிருந்து வரவழைத்தான். அங்கே ஒரு கைப்பேசிக் கடையில் விற்பனையில் இருந்தவன். சிவப்பாக, கொழுகொழுவென்று, தூங்கும்போதும் சிரிக்கிற முகம். "இவன்தான்க்கா பப்ளி" என்றான் தம்பி, நுரைத்துப் பொங்குகிற ஆளாம். என் அடுப்படியில் பொங்குகிற எதற்கும் பக்கத்தில் ஓர் ஆள் நின்றாக வேண்டும். அதை அவனிடம் சொன்னேன், கேட்டால்தானே.

"நோன்பு வர்றதுக்குள்ள நட்சத்திரம் ஏறுச்சுன்னா கல்லா இவனுக்குத்தான்க்கா. அத்தா வீட்ல ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று தம்பி முடிவாகச் சொன்னான்.

அம்மா கேட்டது எனக்கு மறக்காது. "வீட்ல அவருக்கு ஏதுடா நாற்காலி?"

உண்மைதான். வீட்டில் அத்தா தூங்குவார், தொழுவார், கடைக்குக் கிளம்புவார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்த ஒரே இடம் அந்தக் கல்லா. அந்த நாற்காலி போனால் மனுஷன் நின்றுகொண்டே செத்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பரீட்சை முடிகிறவரை அவரைக் கைகழுவும் தொட்டிப் பக்கத்து மூலை மேசையில் உட்கார வைத்தார்கள். எதிரே நாட்காட்டி மாட்டிய சுவர். காலையில் வந்து அதைப் பார்த்தபடி உட்காருவார், மாலையில் எழுந்து போவார்.

சின்னம்மா மகன் கல்லாவில் ஏறிய நாளிலிருந்து கடை கல்யாண வீடாகிவிட்டது. வாசலில் தலை தெரிந்ததுமே "வாங்க வாங்க, எங்க நாலு நாளா ஆளையே காணோம்லா" என்பான். நின்று பேசிய எல்லோர் பேரும் அவனுக்கு மனப்பாடம். என்ன சாப்பிட்டார்கள் என்பதும் மனப்பாடம். நட்சத்திரங்கள் ஏறின. ஃப்ரெண்ட்லி, வெரி ஃப்ரெண்ட்லி, சோ பப்ளி என்று விதவிதமாக எழுதிக் குவித்தார்கள், எல்லாம் ஒரு முறை வந்துவிட்டுத் திரும்பி வராத வெளியூர்க்காரர்கள்.

ஊர்க்காரர்கள் வேறு மாதிரி நெளிந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர், நர்ஸ் வேலை பார்க்கும் மகளோடு வந்து சீனி போடாத காப்பி கேட்டார். "என்னா அங்கிள், காலையில ரெண்டு தே தாரேக், சீனிப் பாலு தூக்கலா கேட்டு வாங்கிக் குடிச்சீங்களே, இப்ப டயட்டா?" என்றான் அன்போடு. மகள் அப்பாவைப் பார்த்த பார்வையில் காப்பி ஆறிப்போயிற்று. டாக்டரிடம் எம்.சி. லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பதாகச் சொல்லியிருந்த மண்டோர், காலையில் இங்கே இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு மீன் பிடிக்கப் போன விஷயத்தை, அவருடைய மேலதிகாரியிடமே சொல்லி, "நல்ல மனுஷன் சார் அவரு" என்று சான்றிதழும் கொடுத்தான். அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அதுதான் அவனிடம் இருந்த ஆபத்து.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எஸ்டேட் கிராணி ஒருவர் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்விட்டு மனைவி, மகளோடு எங்கள் கடைக்குச் சாப்பிட வருவார். அதே கிராணி வியாழக்கிழமைகளில் வேறொரு பெண்ணோடும் வருவார். இத்தனை நாளும் எங்கள் கடையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. இதைவிடப் பத்திரமான இடம் மாவட்டத்திலேயே கிடையாது என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

சாப்பிட்டு எழுந்து மூவரும் கல்லாவுக்கு வந்தார்கள். சின்னம்மா மகன் முகம் மலர்ந்தான். "என்னாண்ணே, வியாழக்கிழமை மீன் தலை நல்லா இருந்துச்சா?"

அந்த அம்மா சிரித்தார். "வியாழக்கிழமையா? அன்னிக்கு இவரு கோலா குபு பாருல மீட்டிங்ல இருந்தாரு தம்பி. நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

"இல்லக்கா, அண்ணன்தான். கூட வந்த அக்காவுக்குத்தான் காரம் தாங்கல, கண்ணுல தண்ணி. நான்தான் ஐஸ் மைலோ குடுத்தேன்லா." பிறகு, உபசாரத்தில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று, "உங்க தங்கச்சியாக்கா?" என்றும் கேட்டான்.

"எனக்குத் தங்கச்சி இல்ல" என்றார் அந்த அம்மா.

தட்டு பறக்கும் என்று நான் அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டேன். ஒன்றும் பறக்கவில்லை. அந்த அம்மா கணவரின் முன்னால் கையை நீட்டினார், கார் சாவி அதில் வந்து விழுந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டுகிற இருக்கையில் ஏறினார், கார் போய்விட்டது. கிராணி கல்லா முன்னால் அப்படியே நின்றார். "அண்ணே, டாக்சி கூப்பிடவா?" என்று கேட்டான் எங்கள் பப்ளி.

மறுநாள் அந்த அம்மா ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். ஸ்டாஃப் வெரி ஃப்ரெண்ட்லி, வெரி இன்ஃபர்மேட்டிவ். தம்பி அதைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அந்த வாரத்திலேயே கடை காலியாகத் தொடங்கியது. ஒரு சின்ன ஊரில் இத்தனை ரகசியங்களா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. எம்.சி.காரர்கள் வராமல் நின்றார்கள், சர்க்கரைக்காரர்கள் நின்றார்கள். விரதம் என்று வீட்டில் சொல்லிவிட்டு மட்டன் பொட்டலம் கட்டிப்போகிறவர் நின்றார். ஒன்றும் மறைக்க இல்லாதவர்களும் நின்றார்கள், போனால் நம்மைப் பற்றியும் ஏதாவது சொல்லிவைப்பானே என்று. நோன்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் தம்பி சின்னம்மா மகனைச் சபாக்குக்குப் பஸ் ஏற்றினான். அங்கே அவன் இப்போது வீடு விற்கிறானாம், நன்றாகப் போகிறதாம்.

நான் சும்மா இருக்கவில்லை. தம்பியை உட்கார வைத்து ஒரு பாடு பேசினேன். அவுட்கோயிங் என்று ஒருவனை நம்பி நான் கெட்டேன், பப்ளி என்று ஒருவனை நம்பி நீ கெட்டாய், இப்போதாவது புரிந்துகொள், ரிசர்வ்ட் என்றால் என்ன என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறாரே அவரைப் பார் என்றேன். அவன் மஞ்சள் சிரிப்பு முகத்தைச் சுரண்டி எடுத்தான். அத்தா மூலையிலிருந்து எழுந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தார், பல்குச்சி டப்பாவைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். ஜெயித்துவிட்டேன் என்று நான் அன்றைக்குக் கோழிக்கறியில் முந்திரி கூடுதலாகப் போட்டேன்.

சில நாள் கழித்து, கூட்டம் ஓய்ந்த ஒரு பிற்பகலில், கிராணியின் மனைவி தனியாக வந்தார். உட்காரவில்லை. நேரே கல்லாவுக்குப் போனார்.

"பாய், நீங்க பாத்திருக்கீங்க இல்ல?"

அத்தா தலையை அசைத்தார்.

"எத்தனையோ ஞாயித்துக்கிழமை. எம் புள்ளைய வேற பாத்திருக்கீங்க. ஒரு வார்த்த சொல்லலியே." குரல் உயரவே இல்லை. "அந்தத் தம்பி வெகுளியாச் சொல்லிட்டாரு. தெரிஞ்சே சும்மா இருந்த ஆளத்தான் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். உங்க மகளுக்கு இப்படின்னாலும் இதே மாதிரிதான் உக்காந்திருப்பீங்களா பாய்?"

அத்தா எதிரே இருப்பவரின் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டுதான் எப்போதும் இருப்பார். அன்றைக்கு அவர் கண் அடுப்படிப் பக்கம் திரும்பியது. நான் வாசலில் நிற்கிறேன் என்று கண்டதும் சட்டென்று கீழே இறங்கிவிட்டது. அந்த அம்மா போய்விட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன். "அத்தா, அவரு இங்க வந்திருக்காரா? நிக்காஹ்வுக்கு முன்னாடி?"

பல்குச்சி டப்பா நகர்ந்தது. நான் அதைப் பிடுங்கித் தள்ளி வைத்தேன்.

"நாலாம் மேசை" என்றார்.

"கூட யாரு?"

"ஒரு பொம்பள. சின்னப் புள்ள ஒண்ணு."

"தெரிஞ்சுமா என்னக் குடுத்தீங்க?"

தள்ளி வைத்த டப்பாவைப் பார்த்தபடி பேசினார். "கலியாணத்தப்ப எல்லாரும் லோரியப் பத்திக் கேட்டாங்க. இத யாரும் எங்கிட்ட கேக்கலம்மா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கடையில பாத்தத வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னுதான்..." முடிக்கவில்லை. அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சுங்கை சோக்காரர் மேல்கூட அவ்வளவு வந்ததில்லை. அந்த நாலாம் மேசையை நானே எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன். இந்த வாயை மூடிய மனிதருக்காகத்தான் ஆங்கிலத்தில் அகராதி பார்த்து நாலு வரி எழுதினேன், பெரிய மனிதர்களின் குணம் என்று. சிரித்துச் சிரித்து ஒருவர் என் வாழ்க்கையைக் கெடுத்தார், சிரிக்காமல் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியின் இரண்டு கூடைகளிலும் எனக்காக ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

"எந்திரிங்க அத்தா" என்றேன்.

எழுந்தார். ஏன் என்று கேட்கவில்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், என் உயரத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. அத்தா தேத்தண்ணி கலக்குகிற மேடைக்குப் போனார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவர் பார்த்த முதல் வேலை அது. இப்போதும் அங்கேதான் நிற்கிறார். இழுத்து ஆற்றுகிற கை இன்னும் நடுங்கவில்லை. உட்கார ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன், எப்போதாவது உட்காருகிறார்.

"அக்கா, நீ ஃப்ரெண்ட்லியா இருப்பியா?" என்று தம்பி கவலையோடு கேட்டான்.

"ஆளப் பொறுத்து" என்றேன்.

போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் பக்கத்துத் தெருக் கடைக்குப் போகிறார்கள். அங்கே கல்லாவில் இருக்கிற பெரியவர் சிரிப்பதே இல்லையாம், நிம்மதியாக இருக்கிறதாம்.

போன மாதம் எஸ்டேட் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சாப்பிட வந்தவர் மாதிரித் தெரியவில்லை, கைப்பையை நெஞ்சோடு பிடித்திருந்தார். கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து என் முன்னால் நீட்டினார். "இந்தப் பையன் இங்க அடிக்கடி சாப்பிட வருவாராமே. எங்க பொண்ணக் கேட்டு வந்திருக்காங்க. நல்ல வேல, சொந்த வீடு இருக்கு. ஆளு எப்படிங்க, ஃப்ரெண்ட்லியா?"

படத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகம்தான். பின்னால் தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் நின்றுபோனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ரொம்ப ஃப்ரெண்ட்லி" என்றேன். "வாங்க, நாலாம் மேசையில உக்காருங்க. சொல்றேன்."